எரியாத மருந்து

எரியும், எரியத்தான் செய்யும், எரியலைன்னாத்தான் நீங்க பயப்படணும் என்று டாக்டரம்மா கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதையே இப்போது, பாளையங்கோட்டையில் அந்தத் தோல் ஆஸ்பத்திரியின் வராந்தாவில், வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு லீதியாள் டீச்சர் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எரியலைன்னா பயப்படணும். எரியவில்லை. தை மாசத்திலேயே நின்றுவிட்டது. பயப்பட வேண்டிய அந்த நாளில் அவள் என்ன செய்தாள்? ஸ்தோத்திரம் சொன்னாள். கொடுமையைப் பாருங்கள், முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, பிள்ளையின் காலெல்லாம் கரப்பான் புண், அது சிணுங்கச் சிணுங்கத் தட்டிக்கொடுத்துக்கொண்டே லீதியாளை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். தலைமுடி, புருவம், இமைமயிர் எல்லாம் வெள்ளை, தோல் பாலாடை நிறம், கண்மணி ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். வெள்ளைக்காரி, பரங்கி, பால்பாண்டி என்று நாசரேத்துத் தெருக்களில் அவளுக்கு இல்லாத பட்டமா. அதெல்லாம் உறைக்காமல் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. இப்போது உறைத்துக்கொண்டிருப்பது வேறு. உள்ளே டாக்டரம்மா, கொண்டுவந்த மருந்தைக் காட்டுங்க என்று கேட்டு வாங்கி, டியூபை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நான் எழுதினது இல்லையே, இது வெறும் ஸ்டீராய்டு, அரிப்புக்குப் போடுறது, இதையா இத்தனை மாசமா போட்டீங்க என்றாள். அப்போது பக்கத்தில் நின்ற புருஷன் ஜெபநேசன், கேள்வி முடியுமுன்னே, கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானோ என்னமோ என்றார். அந்த அவசரம்தான். அந்த அவசரம்தான் அவள் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

வெளியே இருங்க, ரத்தம் கசியுற காதில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும், அதற்கு ஏற்பாடு பண்ணிட்டுக் கூப்பிடுறேன், முகத்துக்கு என்ன பண்ணலாம்னு ரெண்டு பேருமா யோசிச்சு வையுங்க என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டாள். ஜெபநேசன் டீ வாங்கிவருகிறேன் என்று போய்விட்டார். டீ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. யோசிச்சு வையுங்க. சரி, யோசிப்போம். வழி ரெண்டு. ஒன்று உறைய வைப்பது. அது என்னமோ நைட்ரஜனாம், ஐஸுக்கு மேலே ஐஸ், பிளாஸ்க் மாதிரி ஒரு குப்பியிலிருந்து புஸ்ஸென்று பீச்சினால் வெயில் பட்டுப்பட்டுச் சொரசொரத்துப் போன இடம் அப்படியே வெளுத்து, கொப்புளம் கட்டி, பொருக்காகி உதிர்ந்துவிடும். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். கறுத்த தோலாக இருந்தால் வெள்ளைத் தழும்பு விழும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை டீச்சர் என்று டாக்டரம்மா லேசாகச் சிரித்தாள், லீதியாளும் சிரித்தாள். வெள்ளையில் வெள்ளை விழுந்தால் யார் கண்டார்கள். இன்னொன்று பூசுவது, அந்த எரிகிற மருந்து. அது முகம் பூராவும் பூச வேண்டும், வாரக்கணக்கில், முகம் சிவந்து வெந்து புண்ணாகித் தோலுரிந்து அப்புறம்தான் புதுத்தோல் வரும். டாக்டரம்மா இன்று சொன்ன ஒன்றுதான் லீதியாளை உட்காரவிடாமல் அடிக்கிறது. உறைய வைக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியுற இடத்தை மட்டும்தான் எடுக்கும் டீச்சர். பூசுற மருந்து அப்படி இல்ல, இன்னும் மேல வராம தோலுக்கடியில ஒளிஞ்சு கெடக்கிறதையும் தேடிப் போயி வெளிய கொண்டாந்து எரிச்சிரும். அதான் அப்படி எரியுறது. ஒளிஞ்சு கிடக்கிறதைத் தேடிப் போகிற மருந்து. அந்த மருந்தைத்தான் ஒளித்து வைத்துவிட்டார்கள். ஒளித்தது யார்? கடைக்காரன் என்கிறார் அவர். கடைக்காரனாகவே இருக்கட்டும் ஆண்டவரே, கடைக்காரனாகவே இருந்துவிடட்டும். பிள்ளை சிணுங்கியது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் பெயர் இல்லை.

வெயில் என்ன செய்யும் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரிந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவள். காலை ஜெபம் மைதானத்தில்தான். பிள்ளைகள் கண்கூசாமல் நிற்கட்டும் என்று அவர்களை மேற்குப் பார்க்க நிறுத்தி, அவர்களைப் பார்த்தபடி கிழக்கே முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றவள் லீதியாள்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு சுருதி எடுத்துக் கொடுப்பாள். டீச்சர் பக்தியில் கண்ணை மூடுதாவ என்று பிள்ளைகள் நினைத்தார்கள். பக்தியாவது ஒண்ணாவது, வெளிச்சத்தில் கண் திறக்க முடியாது, அவ்வளவுதான். வேலையில் இருந்த காலம் பூராவும் காலை வெயில் மூக்கிலும் நெற்றியிலும் இடது காதின் விளிம்பிலும் உட்கார்ந்து தன் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகு சொரசொரப்பாக மேலே வருகிறது. மணல்தாளைத் தொடுவது போல இருக்கும். கண்ணுக்குத் தெரிகிறதைவிட விரலுக்குத்தான் முதலில் தெரியும். அவளுக்கு எதுவுமே விரலுக்குத்தான் முதலில் தெரியும். இதை விட்டுவைத்தால் சிலது புற்றாக மாறலாம், உங்களை மாதிரி நிறமே இல்லாத தோலுக்கு அந்தப் பயம் அதிகம், அதனால விடாம போடுங்க, ஒரு மாசத்தில வந்து காட்டுங்க என்று அன்றைக்கு டாக்டரம்மா சொன்னது ஜெபநேசனுக்கும் கேட்டது. இதே மாதிரி பக்கத்தில் நின்றுதான் கேட்டார். ம்ம், ம்ம் என்று தலையாட்டினார்.

முதல் பத்துப் பதினைந்து நாள் எரிந்தது பாருங்கள், அது எரிச்சல். மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தொட்ட மாதிரி. நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் சிவந்து, பொருக்குத் தட்டி, நீர் கசிந்து, தலையணை உறையில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை மூக்குக்கு முட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அவளே பயந்துதான் போனாள். ஆனால் விடவில்லை. எரியுது, அப்போ வேலை செய்யுது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டில்தான் பேச்சு மாறியது. கெசியாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது, ஒரே மகள், மாப்பிள்ளை வீட்டார் மதுரைக்காரர்கள், பெரிய இடம். நிச்சயத்துக்கு முன்னால் ஒருதடவை வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா, அன்னைக்கு மட்டும் நீங்க உள் ரூம்ல இருந்துக்கிடுதியளா என்று கெசியா கேட்டாள். வாயிலிருந்து வார்த்தை வந்ததும் அழுதுவிட்டாள், சாரிம்மா சாரிம்மா என்று காலைக் கட்டிக்கொண்டாள். லீதியாளுக்கு அது தைத்தது, தைத்தாலும் பிள்ளைதானே, இருந்துக்கிடுதேன்ட்டீ, அதுக்கு என்ன என்று தலையைத் தடவிக் கொடுத்தாள். ஆனால் உள் அறையில் இருக்கவேண்டிய அவசியமே வரவில்லை. அவர்கள் வர ஒரு வாரம் இருக்கையில் எரிச்சல் நின்றுவிட்டது. திடுமென்று, கொதிக்கிற உலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி அடங்கிவிட்டது. சிவப்பு வடிந்தது, பொருக்கு உதிர்ந்தது, முகம் வழவழவென்று குழந்தை முகம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, என்ன அழகா இருக்கீங்க என்றாள். கெசியா கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அதற்கு அடுத்த வாரம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் வீட்டு ஐயரம்மா கேட்டவுடன் லீதியாள் எழுந்து நின்றாள். நெருப்பாய் எரிந்த என் முகத்தை ஆண்டவர் ஒரே ராத்திரியில் குளிரப்பண்ணினார் என்று சாட்சி சொன்னாள். அன்று ஆண்களும் வந்திருந்தார்கள். எல்லாரும் ஆமென் என்றார்கள். எல்லாருடைய ஆமெனுக்கும் மேலே கேட்டது ஒரு ஆமென். அந்தக் குரல் அவளுக்குத் தெரியாதா. வரிசை வரிசையாக நூறு பேர் பாடினாலும் யார் சுருதி விலகுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறவள் அவள். அன்று அந்த ஆமெனில் விலகல் இருந்ததா? யோசித்து யோசித்துப் பார்க்கிறாள். இல்லை. சுத்தமான ஆமென்.

அந்தக் குரலை நம்பித்தான் அவள் அவருக்கு வாழ்க்கைப்பட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் காபியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போன காலம் அது. தபாலாபீஸில் வேலை பார்த்த ஜெபநேசன் மட்டும், கோயிலில் நீ பாடினதைக் கேட்டேன், அதுவே போதும் என்றார். எனக்கு எழுத்து சரியாத் தெரியாது, பெரிய எழுத்துன்னாத்தான் மூக்குக்கிட்ட வச்சுப் படிப்பேன் என்று அவள் தானாகவே சொன்னாள், பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கள். அதற்கு அவர் சொன்னது, வாசிக்க நான் இருக்கேன். அவள் வாழ்க்கையில் யாராவது அவளுக்குத் தந்த சீர் என்றால் அது ஒன்றுதான். அன்றிலிருந்து வாசித்தார், இல்லையென்று சொல்ல முடியாது. விடிந்ததும் வேதம் வாசிப்பார், பேப்பர் வாசிப்பார், பஸ் பலகை வாசிப்பார், பிஸ்கட் பாக்கெட்டில் தேதி வாசிப்பார், கெசியாவின் ரேங்க் கார்டு வாசிப்பார். கையில் எது வந்தாலும் லீதியாள் அவர் பக்கம் நீட்டுவாள், அவர் கை அதற்குள் நீண்டிருக்கும். சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்துவது மாதிரி அது நடக்கும். அவர் வாசித்ததை ஒருநாளும் இன்னொருத்தரிடம் காட்டிச் சரிபார்த்ததில்லை. தன் கண்ணையே யாராவது சந்தேகப்படுவார்களா. என்னிடம் இருக்கிற கண் ஆடுகிற கண், அவியகிட்ட இருக்கிறதுதான் என் நிஜக்கண் என்று அவளே டீச்சர்மாரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சொன்ன வாயைத்தான் இப்போது அடிக்கவேண்டும்.

கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான். சரி, கடைக்காரன் எப்போது மாற்ற முடியும்? புது டியூப் வாங்கும்போதுதானே. மனசு இந்த இடத்துக்கு வந்து வந்து சறுக்குகிறது, அவள்தான் பிடித்து இழுத்து அப்பால் விடுகிறாள், மறுபடியும் வந்து நிற்கிறது. எரிச்சல் நின்றது புது டியூப் திறந்த அன்றைக்கா? இல்லை. பாதி டியூபில் நின்றது. அவளுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் டியூபை அவள் அடியிலிருந்து சப்பாத்தி சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டே வருவாள், பல் விளக்குகிற பேஸ்ட்டோடு குழம்பிவிடக் கூடாது என்று கழுத்தில் ரப்பர் பேண்டை ரெண்டு சுற்றுச் சுற்றி வைப்பாள். கண் தெரியாதவள் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு அடையாளம் உண்டு. அன்றைக்கு அலமாரியில் கைவிட்டபோது ரப்பர் பேண்டு இருந்தது, ரெண்டு சுற்று. டியூப் பாதிக்குச் சுருட்டியிருந்தது. எல்லாம் அவள் வைத்த மாதிரியே. ஆனால் பிதுக்கினதும் விரலில் வேறு மாதிரி இருந்தது, வழவழவென்று, வெண்ணெய் மாதிரி. இங்கேருங்க, மருந்து ஒருமாதிரி இருக்கே என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் டியூபை வாங்கினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். குளிர்ல இறுகியிருந்தது எளகியிருக்கும் என்றார். பெயரை வாசிங்க என்றாள். வாசித்தார். ஃப்ளூரோயூராசில். பாட்டு டீச்சருக்கு எதையும் தாளத்தில்தான் ஞாபகம் இருக்கும், அந்தப் பெயரை முதல் நாளே தொடையில் தட்டிப் பாடம் பண்ணி வைத்திருந்தாள். ஒரு தட்டுப் பிசகாமல் வாசித்தார். இல்லாத எழுத்தை, வேறு எழுத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு தட்டுப் பிசகாமல். அப்படியென்றால் புது டியூபை வாங்கி, பாதி மருந்தைப் பிதுக்கி எங்கேயோ கொட்டிவிட்டு, அவளைப் போலவே அடியிலிருந்து சுருட்டி, பழைய டியூபின் ரப்பர் பேண்டைக் கழற்றி இதில் ரெண்டு சுற்றுச் சுற்றி... எந்தக் கடைக்காரன் இவ்வளவு மெனக்கெடுவான்? அவள் விரல் எப்படி வேலை செய்யும் என்று அறிந்த ஒருத்தர் உலகத்தில் ஒரே ஆள்தான். அவள் விரலையே ஏமாற்றப் பாடுபட்டிருக்கிறார். ஐயோ, எவ்வளவு பாடு. அந்தப் பாட்டை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. கோபத்தில் பிடுங்கி எறிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அப்புறம் அது தீர்ந்து இன்னொன்று, அது தீர்ந்து இன்னொன்று. டாக்டரிடம் காட்டப் போகவேண்டாமா என்றால் போன்ல கேட்டேன், நல்லாத்தான் இருக்கு, தொடர்ந்து போடச் சொல்லிட்டாவ என்பார். காதின் விளிம்பில் பொருக்கு விழுந்து விழுந்து ரத்தம் கசிய ஆரம்பித்து, சேலை முந்தானையில் கறை பட்டதை எதிர்வீட்டு ஸ்டெல்லா கண்டு சொன்ன பிறகுதான் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார்கள். அதுவும் ஸ்டெல்லா சத்தம் போட்டதால். அந்தக் காதைத்தான் இப்போது வெட்டிப் பார்க்கப் போகிறார்கள். அது வெறும் வெயில் புண்ணாக இருக்கலாம், அந்தப் பேர் சொல்லாத வியாதியாகவும் இருக்கலாம். அன்றைக்கே போட வேண்டியதைப் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதோ என்னமோ என்று டாக்டரம்மா இழுத்த இழுப்பில் எல்லாம் இருந்தது.

செருப்புச் சத்தம் வந்தது, இடது கால் லேசாகத் தேய்கிற நடை. ஜெபநேசன் பேப்பர் கப்பை அவள் கையில் வைத்து, சூடு, பாத்துப் பிடி என்றார். இதில் ஒரு குறையும் கிடையாது, எப்போதும் சூடு என்று சொல்லித்தான் கொடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் யோசிச்சேன் லீதி, அந்த உறைய வைக்கிறதே போதும்னு படுது, ஒரே நாளில முடிஞ்சிரும், கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம்தான், அதுக்குள்ள பொருக்கும் உதிர்ந்துரும், பூசுறதையெல்லாம் பிறகு பார்த்துக்கலாம் என்று மெதுவாக, நியாயமாக, வேதம் வாசிக்கிற குரலில் சொன்னார். அவள் டீயைக் குடிக்கவில்லை. கப்பின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள். கேட்க எவ்வளவோ இருந்தது. ஏன் என்று கேட்கலாம். சாட்சி சொல்லும்போது எப்படி ஆமென் சொன்னீங்க என்று கேட்கலாம். வாயில் வந்தது வேறு.

"பாதி மருந்தை எங்க பிதுக்கினீங்க?"

பிள்ளை அழுதது, தாய் தட்டினாள், யாரோ ஸ்டூலை இழுத்தார்கள். என்ன மருந்து என்று அவர் கேட்டிருந்தால் ஒருவேளை அவள் இன்னும் கொஞ்ச நாள் கடைக்காரனை நம்பியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

"வாஷ்பேசின்ல" என்றார் ஜெபநேசன். "கெசியா அழுதாளா... என்னால பாக்க முடியல லீதி. அவதான் மாத்தி வைக்க அந்த டியூப் பேரைச் சொன்னா. ஒரு வாரம் மட்டும்னுதான் நெனச்சேன்."

அவதான் சொன்னா. அப்போ அவளுக்கும் தெரியும். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தபோது தெரியும். அம்மா முகம் எவ்வளவு சாஃப்டா இருக்கு என்றபோது தெரியும். உள் ரூமில் இருங்கள் என்று நேரே கேட்டாளே, அது எவ்வளவோ மேல், அதில் பொய் இல்லை. ஒரு வாரம் மட்டும் என்றால் அதற்கடுத்த வாரம் ஏன் நிறுத்தவில்லை? லீதியாள் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டாளே, அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவார்கள். ஆண்டவர் ஆற்றின முகம் மறுபடி எரிந்தால் ஊருக்கு என்ன பதில் சொல்வது. ஆக அவளுடைய சாட்சியையே மூடியாகப் போட்டு அவள்மேல் இறுக்கியிருக்கிறார்கள். ரெண்டு பேரும் அவளை வீட்டில் உட்கார்த்தி வைத்துவிட்டு அவள் தலைக்கு மேலே கண்ஜாடை பேசியிருக்கிறார்கள். எத்தனை நாள், எத்தனை தரம்? சாப்பிடும்போதா? குடும்ப ஜெபத்தில் அவள் கண்ணை மூடியிருக்கும்போதா? அவளுக்கு அழுகை வரவில்லை, உடம்பு மட்டும் சில்லென்று போயிற்று, நைட்ரஜன் என்று சொன்னார்களே, அது இப்படித்தான் இருக்கும் போல.

லீதியாள், லீதியாள் ஜெபநேசன் என்று நர்ஸ் கூப்பிட்டாள். அவர் வழக்கம்போல முழங்கையைப் பிடிக்க வந்தார். அவள் சுவரைத் தடவிக்கொண்டு தானாகப் போனாள். ஊசி போட்டு மரக்கவைத்து, காதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்தார்கள். கத்தரி நறுக்குகிற சத்தம் கேட்டது, வலி தெரியவில்லை. முடிவு வர ஒரு வாரத்துக்கு மேலாகும் என்றாள் டாக்டரம்மா. முகத்துக்கு என்ன முடிவு பண்ணினீங்க என்று கேட்டபோது ஜெபநேசன் வாயைத் திறந்தார், லீதியாள் முந்திக்கொண்டாள். பூசுறது. அந்த எரியுறதைத்தான் எழுதணும். டாக்டரம்மா யோசித்தாள், ஸ்டீராய்டுல தோல் மெலிஞ்சிருக்கு, முன்னைவிடக் கூடுதலா எரியும், கல்யாணம்னு சொன்னாரே, அன்னைக்கு முகம் பூரா புண்ணா இருக்குமே டீச்சர், வேணும்னா நாலைஞ்சு இடத்தை இன்னைக்கு உறைய வச்சிட்டு, கல்யாணம் முடிஞ்சு பூச ஆரம்பிக்கலாம், அதுவும் சரியான வழிதான் என்றாள். நல்ல பிள்ளை, மனசறிந்துதான் சொல்கிறாள். ஆனால் லீதியாள் மனசில் கோயில் வந்து நின்றது. பெண்ணுக்குத் தாயாக முன் பெஞ்சில் அவள், அன்று ஆமென் சொன்ன அத்தனை பேரும் சுற்றி. சொன்ன சாட்சியைத் திருப்பி வாங்க அவளுக்கு வேறு இடம் ஏது. "கண்ணுக்குத் தெரியுறது மட்டும் போனா எனக்குப் போதாதும்மா" என்றாள். "எரியட்டும்."

மருந்து ஜன்னலில் டியூபைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பழைய நாற்காலிக்கே வந்தாள், காதில் கட்டு கனத்தது. ஜெபநேசன் முன்னால் வந்து நின்றார். அவர் கை தானாக நீண்டது, வாசிக்க, எப்போதும்போல. அந்தக் கை நீள்கிற வேகம்கூட அவளுக்குப் பாடம். அவள் கைப்பைக்குள் துழாவி, ரப்பர் பேண்டு சுற்றின டியூபை எடுத்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றிப் புது டியூபில் ரெண்டு சுற்றுச் சுற்றினாள். பழையதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்புறம் கைப்பிள்ளைக்காரி பக்கம் திரும்பி, இதில் என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லும்மா, எனக்குக் கண் சரியாத் தெரியாது என்று புதியதை நீட்டினாள். அந்தப் பெண் பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தா இருக்குக்கா, வாயில நுழையல என்று கூச்சப்பட்டாலும், எழுத்துக்கூட்டி, தடவித் தடவி வாசித்தாள். ஃப்ளூ. ரோ. யூ. ரா. சில். லீதியாள் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

வாசித்து முடித்துவிட்டு அந்தப் பெண் ஜெபநேசனை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏன்க்கா, கூட வந்திருக்கிற ஐயாவுக்கு வாசிக்கத் தெரியாதா?"

"அவியளா? அவிய நல்லா வாசிப்பாவ" என்றாள் லீதியாள். "நீ இன்னொரு தடவை வாசிம்மா."